மெழுகுத் துணியில் தாவிய தையல்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மெஷின் இறக்கியிருக்கிறார்களாம். கட்டில் அளவுக்கு இருக்குமாம். நூல் அறுந்தால் தானாகவே நின்றுகொள்ளுமாம்.

“அத்தன கெட்டிக்கார மெஷின் இருக்கறப்ப எங்கிட்ட எதுக்கு கண்ணு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“அக்கா, பாத்திக் துணி போட்டா தையல் தாவுதுங்க. நூல் அறுந்தாத்தான் அது நிக்கும். தாவுனா அது பாட்டுக்குப் போயிட்டே இருக்குது. விரிப்பு முடிஞ்சு திருப்பிப் பாத்தாத்தான் எங்களுக்கே தெரியுது.”

ஊசி இறங்கியும் நூல் பிடிக்காமல் தையல் விட்டு விட்டு விழுவதைத்தான் தாவல் என்போம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து இல்லை. இதே துணியும் இதே தாவலும் ஒரு காலத்தில் எங்களில் ஒருத்தியை மெஷினை விட்டே இறக்கப் பார்த்தன. அன்றைக்கு அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நான் தையல் கற்றுக்கொண்ட கதை சின்னது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். கல்யாணமாகி ராசிபுரம் பக்கம் வந்தேன். புகுந்த வீட்டில் ஒரு கால் மெஷின் சும்மா கிடந்தது. என் ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்துத் தரையில் பரப்பி, எது எதோடு ஒட்டியிருந்தது என்று பார்த்து, மறுபடி சேர்த்துத் தைத்தேன். ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலும் போய்விட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எனக்கு மூன்றாவது அடியிலேயே நகர்ந்துகொடுத்தது. பள்ளிக்கூடம் என்றால் அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், ராசிபுரத்துக்கு வெளியே ஒரு மஞ்சள் மண்டிக்காரர் ஆரம்பித்த விரிப்புக் கம்பெனியில் சேர்ந்தேன். மேலே பூத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைத்தால் கட்டில் மேல் போடுகிற பஞ்சு விரிப்பு. ஆர்டர் காகிதத்தில் ‘குயில்ட்’ என்று இருக்கும். மோட்டார் வைத்த மெஷின் ஆறு. தைக்கிறவர்கள் ஆறு பேர். தைப்பதை நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுக்கோடு முதலில், பிறகு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. நடுவிலிருந்து தைத்தால் சுருக்கத்தை நீ ஓரத்துக்கு விரட்டுகிறாய். ஓரத்திலிருந்து வந்தால் அது உன்னை நடுவில் வைத்து மடக்கும். இது அங்கே முதல் நாள் பாடம்.

எங்கள் சூப்பர்வைசர் பழனியப்பன். வெண்ணந்தூர் நெசவுக் குடும்பம். துணியைக் கண்ணால் பார்க்கமாட்டார். இரண்டு விரலால் கிள்ளி, காதருகே வைத்துக் கசக்கிச் சத்தம் கேட்பார். அவர் வேட்டிக்குப் போடுகிற கஞ்சியில் ஒரு குடும்பம் பசியாறலாம். உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்பு கலையாது. நடந்தால் வேட்டி மொடமொடவென்று பேசும். ஐயா வருகிறார் என்பதை நாங்கள் காதாலேயே தெரிந்துகொள்வோம்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. மனம் குளிர்ந்திருந்தால் எல்லோரையும் “சாமி” என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “இதைப் பிரிச்சுட்டு மறுக்காத் தெச்சுக் குடுங்க” என்று அவர் வாயிலிருந்து ‘ங்க’ வந்ததோ, நாங்கள் தையல் பிரிக்கிற கத்தரிக்கோலைத் தேடுவோம்.

“மத்த ஊர்ல வைவாங்க. நம்ம ஐயா மரியாதை குடுத்தே கொன்னு போடுவாரு” என்பாள் மாராயி.

மாராயி மூன்றாம் நம்பர் மெஷின். நான் அதற்குப் பக்கத்து மெஷின். எனக்குச் சொலவடைப் பைத்தியம் பிடித்ததே அவளால்தான். ஆறு பேரில் அவள்தான் வேகம். நாங்கள் இரண்டு கோடு முடிப்பதற்குள் அவள் மூன்றாவதைப் பிடித்திருப்பாள். சேர்ந்த புதிதில் அவளை நூல் வெட்டுகிற மேசையில் போட்டிருந்தார்கள். தைத்து முடித்த விரிப்பில் தொங்குகிற நூல் நுனிகளைக் கத்தரிப்பது அங்கே வேலை. சோற்று நேரத்தில் சும்மா நிற்கிற மெஷினில் கழிவுத் துண்டுகளைத் தைத்துத் தைத்தே அவள் மெஷினுக்கு ஏறினாள். வீட்டில் மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்: “தையக்காரியா போறதுன்னாப் போ. நூல் பொறுக்கறதுக்குத்தான்னா ஊட்டோட இரு, ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடு.” ஆகவே மெஷின் போனால் மாராயிக்குக் கம்பெனியே போனதுபோல. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஊசி விசயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு விரிப்புக்குள் தங்கிவிட்டால் படுக்கிறவர் முதுகில் ஏறுமே, அதற்காக. நல்ல சட்டம்தான். ஆனால் மழுங்கின ஊசி உடையாது. அதனால் நாங்கள் அரிவாள்மனை தீட்டுகிற கல்லில் ஊசி முனையைத் தீட்டித் தீட்டி மாதக்கணக்கில் ஓட்டினோம். சிக்கனம் என்று பெருமை வேறு.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாத்திக் ஆர்டர் வந்தது. துணியில் மெழுகை ஊற்றிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது. பிறகு மெழுகை எடுத்துவிட்டால் பூவும் விரிசலுமாக அழகாக நிற்கும். துணியின் நெசவு மிகவும் நெருக்கம். அப்படி இருந்தால்தான் மெழுகு கோடு தாண்டாது. வெளிநாட்டுக் கடைக்கு முப்பது விரிப்பு. முதலில் ஒரு துண்டு மாதிரி கேட்டார்கள். நான் தைத்தேன். பிடித்துப்போயிற்று. இந்த முப்பதும் தேறினால் வருசம் முழுக்க வேலை என்றார் முதலாளி.

துணி மூட்டை வந்தது. பழனியப்பன் கிள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்ன சாமி இது, நனைஞ்ச அப்பளமாட்டத் தொவளுது? துணின்னா நிமுந்து நிக்க வேண்டாமா?”

உடனே மரவள்ளி மாவுக் கஞ்சி காய்ச்சி, முழு மூட்டையையும் முக்கிக் காயப்போட்டார்கள். எங்களில் ஒருத்தியும் அதில் தப்புப் பார்க்கவில்லை. ஊரைச் சுற்றி மரவள்ளி அரைக்கிற ஆலை. தலையணை உறை முதல் தாவணி வரை கஞ்சி போட்டே பழகிய கைகள். துணி தகடு மாதிரி வந்து நின்றபோது எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

தைக்க ஆரம்பித்த முதல் நாள் சாயங்காலம் எட்டு விரிப்பு முடிந்தது. பழனியப்பன் வழக்கம்போல் முதல் வேலையாகத் திருப்பிப் போட்டார். அடிப்பக்கம் பார்க்கவே கூசியது. நாலு தையலுக்கு ஒன்று தாவியிருந்தது. சில இடத்தில் நூல் நைந்து பஞ்சாக நின்றது. எல்லோருடையதிலும் தாவல் இருந்தது; மாராயியுடையதில் மிக மோசம்.

“துணி சரியில்லீங்கய்யா. ஊசி எறங்க மாட்டேங்குது” என்றாள் மாராயி.

“ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்” என்றார் அவர், மெதுவாக.

“தெருவும் கோணலா இருந்துட்டா ஆடறவ என்னங்க பண்ணுவா?”

அவர் விரிப்பை நான்காக மடித்தார். மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

“நீங்க நாளையிலருந்து நூல் வெட்டற மேசைக்கு வந்துருங்க, மாராயி. சரக்குப் பாக்க ஆள் வர எட்டு நாள்தாங்க இருக்குது.”

ஆறு மெஷினும் நின்றிருந்ததால் அது எல்லோர் காதிலும் விழுந்தது. மாராயி தன் மெஷின் மேலிருந்த நூல் துணுக்குகளைத் துடைத்தாள். சொலவடை ஒன்றுகூட வராமல் அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன்.

“ஐயா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்க. மாதிரி தெச்சவ நானு. நானே மூணாம் நம்பர்ல ஒக்காந்து பாக்கறனுங்க. எனக்கும் அவ அளவுக்குத் தாவுச்சுன்னா அவ கையில தப்பில்லீங்களே.”

“தாவலைன்னா?”

“நானும் அவகூட மேசைக்கு வந்தர்றனுங்க.”

“ஏம்புள்ள சரசு, ஒரு கத்தரிக்கோலுக்கு ரெண்டு பேரா?” என்றாள் மாராயி. குரல் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

மறுநாள் காலை மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். மாராயி ஒரு பக்கம், பழனியப்பன் ஒரு பக்கம். துண்டு ஒன்றை எடுத்து என் வழக்கப்படி தைத்தேன். ஒரு முழம். இரண்டு முழம். திருப்பிப் பார்த்தால் ஒரு தையல்கூடத் தாவவில்லை!

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று வந்து நானே குழி வெட்டினேன். பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“அட, சீர்வரிசைத் தட்டு கொண்டு போறவளாட்டப் போறியே. நான் இப்படியா போவேன்? என்னையாட்ட அமுத்து புள்ள!” என்றாள் மாராயி.

அழுத்தினேன். அந்த மெஷினை அப்படி ஓட்ட எனக்கே பயம். ஒரு முழம் ஓடியது. அடுத்த முழத்தில் சத்தம் மாறியது. கணீரென்று இருந்தது சளி பிடித்த தொண்டை மாதிரி ஆனது. நிறுத்தித் திருப்பினேன். தாவல், தாவல், தாவல்.

ஊசியைத் தொட்டேன். விரலைச் சுட்டது. வெள்ளைத் துணியால் ஊசியை வழித்தேன். பழுப்பாக ஓர் இழுப்பு. முகர்ந்து பார்த்தேன். கரண்ட் போன வீட்டில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் வருமே, அதே வாசம்.

“ஐயா, துணியில மெழுகு இன்னும் இருக்குதுங்க. வேகத்துல ஊசி சுடுது. சூட்டுல மெழுகு உருகி ஊசிக் காதுல ஏறிக்குது. நூல் ஓட வழியில்லாமத்தான் தாவுது. யாரு வேகமாத் தெக்கறாங்களோ அவுங்களுக்குத்தான் அதிகம் தாவும்.”

அவர் லேசில் விடவில்லை. “அப்ப மெதுவாத் தெச்சாச் செரியாப் போயிருமே. தப்பு கையிலதானங்க?”

“மெதுவாத் தெச்ச மத்தவங்களுக்கும் தாவியிருக்குதுங்களே. கொஞ்சம் நேரங்கழிச்சுத் தாவும், அவ்வளவுதான்.”

வாயால் சொல்லி முடிகிற வழக்கில்லை இது. டீ போடுகிற குண்டாவைக் கழுவித் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சலவைச் சோடா ஒரு கை போட்டு, பாத்திக் துண்டு ஒன்றை உள்ளே விட்டேன். கால் மணி நேரம். துண்டை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஆறவிட்டோம். மேலே பால் ஆடை மாதிரி ஒன்று கட்டியது. பழனியப்பன் அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். உருட்டினார். பிசுபிசுவென்று கோந்து மாதிரி கொஞ்சம், வழவழவென்று மெழுகு கொஞ்சம்.

“மெழுகு அவங்க விட்டது, சாமி. அதும்மேல மூடி போட்டாப்பல இந்தக் கஞ்சி நான் ஊத்துனது” என்றார்.

அந்த மனிதரை அதற்குமுன் பயத்தில் மதித்தேன். அன்றிலிருந்து மனதார மதித்தேன்.

தப்பு தெரிந்துவிட்டது. தைத்த எட்டையும் ஒதுக்கிவிட்டாலும், தைக்காத துணி முப்பது விரிப்புக்குப் போதுமான அளவு இன்னும் மூட்டையாகவே இருந்தது. சாயமும் கொதியில் கலங்கவில்லை. ஆனால் அத்தனையையும் எதில் கொதிக்கவைப்பது? முதலாளி உடனே, “நம்ம தோட்டத்துல மஞ்சள் வேக வெக்கிற கொப்பரை இருக்குதே” என்று ஆள் அனுப்பினார். தேய்த்துக் கழுவித்தான் வெள்ளோட்டம் பார்த்தார்கள். பாத்திக்கின் நீலப்பூவுக்கு நடுவே வெள்ளையாக இருக்க வேண்டிய கோடெல்லாம் மஞ்சளாக எழுந்து வந்தது.

மாராயி அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அடியாத்தி, துணிக்கு நலங்கு வெச்சுட்டாங்க. தாலி ஒண்ணுதான் பாக்கி” என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பின் நடுவில் அவளே நிறுத்தினாள். “ஏனுங்க, இது ஆடி மாசமில்ல? ஊர்ல ஒரு கல்யாணங்கூடக் கெடையாது. வாடகைப் பாத்திரக் கடையில அண்டாவெல்லாம் சும்மாத்தான கவுந்து கெடக்கும்?”

பழனியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டி மொடமொடக்க அவரே பாத்திரக் கடைக்கு நடந்தார்.

ஐந்து கல்யாண அண்டா வந்து இறங்கியது. இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்கிறேன். பாத்திக் தைக்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். துணி கொதிக்கும்போது மெழுகு மேலே மிதக்கும். அப்படியே துணியைத் தூக்கினால் போன மெழுகு மறுபடி துணியிலேயே ஒட்டும். ஆகவே கொதி அடங்கும்முன் அகப்பையால் மேலே இருப்பதை வழித்து வழித்து எடுக்க வேண்டும். வழித்தபின் துணியைத் தூக்கி, பக்கத்து அண்டாவில் இன்னொரு கொதித் தண்ணீர். அதிலும் வழிப்பு. கடைசியாகத்தான் பச்சைத் தண்ணீர். கஞ்சி கிடையாது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள். புதுத் துணியானாலும் அலசித் தை என்று நான் சேர்த்துக்கொண்டேன். ஆடிக் காற்று அம்மியைப் பறக்கவிட்டதோ இல்லையோ, எங்கள் துணியை அரைப் பொழுதில் காயவைத்தது. காய்ந்ததை வெள்ளைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டோம். காகிதத்தில் எண்ணெய்த் திட்டு விழுந்த துணி மறுபடி அண்டாவுக்கு. விழாத துணி வெட்டுவதற்கு. கொதியில் சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டதால் அளவும் பிறகு மாறவில்லை.

அடுத்தது ஊசி. நெருக்கமான நெசவில் தடித்த ஊசி நுழைந்தால் ஓட்டை நிற்கும். கல்லில் தீட்டின ஊசி என்றால் பிசிறு நூலையே அறுக்கும். தடித்த பதினாறாம் நம்பரை எடுத்துவிட்டு மெல்லிய பதினொன்றாம் நம்பர் வேண்டும், விரிப்புக்கு ஒரு புது ஊசி வேண்டும் என்றேன். உடையாத ஊசிக்குப் புது ஊசி! அந்தக் கம்பெனியில் அது கேட்கக்கூடாத கேள்வி. பழனியப்பன் இடுப்பிலிருந்த, ஊசி பூட்டி வைக்கிற அலமாரியின் சாவியை எடுத்து என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்வது என்று அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் நான் ஓய்வு பெறும்வரை மாறவில்லை.

மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் திருகை அரைச் சுற்று தளர்த்தினோம். இல்லாவிட்டால் அடிநூல் மேலே வந்து புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு விரிப்பு முடிந்ததும் அடிநூல் இருக்கிற பாபின் கூட்டைக் கழற்றித் துடைத்தோம். எவ்வளவு அலசினாலும் மிச்சம் மீதி இருக்குமோ என்ற பயத்தில் எல்லோரும் வேகத்தைப் பாதியாக்கினோம். மாராயிக்கு அதுதான் தண்டனை.

“காளையைக் கட்டி வெச்சு அசை போடுன்னா என்ன பண்ணும்?” என்று முனகிக்கொண்டே, எங்களோடு ஐந்து நாளும் ராத்திரி பத்து மணி வரை தைத்தாள்.

சரக்குப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். பேச்சே கிடையாது. முப்பதையும் அடுக்கி வைத்திருந்தோம். அவர் மேலே இருந்ததைத் தொடவில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவினார். ஓரத்துச் சீட்டில் மூன்று என்று இருந்தது. மாராயி தைத்தது. திருப்பிப் போட்டார். அங்குலக் கோலை வைத்துத் தையல் எண்ணினார். இன்னோர் இடம். இன்னோர் இடம். பூதக் கண்ணாடியை எடுத்துக் தையல் கோடுகள் முடிகிற முனைகளைப் பார்த்தார். மாராயி என் கையைப் பிடித்திருந்தாள். வளையல் என் தோலில் பதிந்தது.

“இதை யார் தைத்தது?” என்று கேட்டார்.

பழனியப்பன் ஓர் அடி முன்னால் வந்தார். “மாராயிங்க. மூணாம் நம்பர். முதல்ல தப்பா வந்துச்சுங்க. அது அவங்க கைத் தப்பில்லீங்க, நான் போட்ட கஞ்சித் தப்பு.”

யாரும் கேட்காமலே சொன்னார். அந்த அம்மா அவரையும் மாராயியையும் பார்த்தார். “இந்த விரிப்பை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். இனிமேல் எல்லா ஆர்டருக்கும் இதுதான் மாதிரி” என்றார். மீதி இருபத்தொன்பதில் ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை.

கார் கிளம்பிப் போனது. நாங்கள் கூச்சல் போட்டுக் கும்மாளம் அடித்துக்கொண்டிருந்தபோது மாராயி மட்டும் நேராகத் தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். வெட்டி மிஞ்சிய பாத்திக் துண்டுகளை, அலசின துண்டுகள்தான், பஞ்சோடு சேர்த்து வைத்தாள். புது ஊசி போட்டாள். ஐந்து நாள் அடக்கி வைத்த காலை முழுசாக அழுத்தினாள். மெஷின் அலறியது. சன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைச் சுற்றி நின்றோம். பழனியப்பன் வாசலிலிருந்து திரும்பி வந்தார்.

நீளத் துண்டு முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டி முடித்து, நூலை வெட்டி, அவர் முன்னால் நீட்டினாள்.

“பாருங்கய்யா.”

அவர் திருப்பிப் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார்.

ஒரு தையல்கூடத் தாவவில்லை.